படகில் பாட்டுப் போட வயர் வாங்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்தில் குறிகாட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேர ஓட்டம். போன சோளகக் காலத்தில் (தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள்) மச்சானின் பைபர் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் இடப்பக்க ஸ்பீக்கர் கரகரத்தது, விட்டு விட்டுப் பாடியது, பிறகு அடங்கிவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று மச்சான் முடிவே கட்டிவிட்டான். கரைக்கு வந்து கழற்றிப் பார்த்தால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் செருகியிருந்த வயரின் நுனிதான் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. நகத்தால் தட்டினேன், பொடியாக உதிர்ந்தது. பூட்டி ஒன்பது மாதம்கூட ஆகாத வயர்.

குருநகர், பாசையூர்ப் பக்கம் தெரிந்தவர்களின் ஏழெட்டுப் படகுகளுக்கு இப்படிச் செற் (கார்களில் பூட்டும் பாட்டுப் பெட்டி) பூட்டிக் கொடுத்திருக்கிறேன். தொழில் இல்லை, ஒரு பைத்தியம், அவ்வளவுதான். புதிதாகப் பூட்டுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த வயர் போட்டால் சத்தம் நல்லா இருக்கும்?" என்றுதான். வீட்டுக்கு என்றால் அது கேட்க வேண்டிய கேள்வி. படகில் சத்தத்தைக் கெடுப்பது உப்பு, அதுவும் வயரின் இரண்டு நுனியிலும் புகுந்துகொள்ளும் உப்பு. ஆகவே நடுத்தர விலையில் உண்மையான செம்பு வயர் வாங்கி, மிச்சக் காசை நுனிகளுக்குச் செலவழியுங்கள். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போக முன் ஒரு கயிறு

நைலோன் கயிறு ஒன்றை எடுத்து, செற் இருக்கப்போகும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும், வயர் எந்த வழியாக ஓடப்போகிறதோ அதே வழியில் போட்டுப் பாருங்கள். கண் மதிப்பு ஏமாற்றும். 23 அடிப் படகு என்றால் நீளம் 7 மீற்றர்தான். ஆனால் வயர் விளிம்போடு ஏறி, இருக்கைப் பலகைக்குக் கீழால் நுழைந்து, மறுபக்கம் சுற்றி வரும்போது ஒரு ஸ்பீக்கருக்கே 9 மீற்றர் போய்விடும். கயிறு காட்டும் நீளத்தோடு ஒவ்வொரு நுனிக்கும் ஒரு முழம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த முழம் எதற்கு என்று கடைசியில் வரும்.

அளந்த பிறகு செற்றை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்றும் ஒருதரம் யோசியுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கொண்டுவந்தால் வயர் நன்றாகக் குறையலாம். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

தடிப்பு

ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் எத்தனை ஓம்ஸ் (மின்தடையின் அளவு) என்று எழுதியிருக்கும். கார் ஸ்பீக்கர், படகு ஸ்பீக்கர் பெரும்பாலும் 4. வீட்டுப் பொக்ஸ் 8 ஆக இருக்கும். மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தால் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மூன்றரைக்குக் கிட்டக் காட்டும். அது பழுது இல்லை, அப்படித்தான் காட்டும்.

வயருக்கும் ஒரு தடை உண்டு. போய் வருகிற இரண்டு கம்பியின் தடையையும் கூட்டினால் அது ஸ்பீக்கரின் ஓம்ஸில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் பிடிக்கும் கணக்கு. 4 ஓம்ஸுக்கு அது 0.2 ஓம்ஸ். செம்பின் தடையை வைத்துக் கணக்குப் போட்டால், 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 4 மீற்றர் தூரம் போகலாம். 1 எம்எம் என்றால் கிட்டத்தட்ட 6 மீற்றர், ஒன்றரையில் எட்டரை, இரண்டரையில் 14. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இந்தத் தூரங்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். (கடையில் "எம்எம்" என்று சுருக்கமாகச் சொன்னாலும் அது சதுர மில்லிமீற்றர்தான், கம்பியின் குறுக்களவு இல்லை.)

இந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினால் பாட்டு நின்றுவிடுமா? நிற்காது. 5 சதவீதத்தில் சத்தம் குறைவது அரை டெசிபலுக்கும் (சத்தத்தை அளக்கும் அலகு) கீழே, 10 சதவீதத்தில் ஒரு டெசிபலுக்கும் கீழே. பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கிற படகில் அதைக் கண்டுபிடிக்கிற காது எனக்கு இல்லை. ஆக 9 மீற்றருக்கு ஒன்றரை எம்எம் போதும். தடித்த வயர் என்றால் தடித்த சத்தம் என்று இரண்டரையும் நான்கும் வாங்குகிறவர்கள் காசைக் கடலில் போடுகிறார்கள். கார் செற்றின் பெட்டியில் "50 வாற்ஸ் பெருக்கல் 4" என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தரக்கூடியது ஒரு பக்கத்துக்கு 20 வாற்ஸ் அளவில்தான். 4 ஓம்ஸில் அது இரண்டு அம்பியருக்குச் சற்று மேல். அதற்கு இங்கே சொன்ன எந்த வயரும் சூடாகாது.

ஒரே நுனியில் இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பூட்டினால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். அநேகமான கார் செற்றுகள் அதைத் தாங்கா. ஆகவே ஸ்பீக்கருக்கு ஒரு சோடி வயர்.

கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் மெல்லிய வயரை முழு வீதிக்கும் இழுத்துப் பாட வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ட்ரான்ஸ்போமர் வைத்து, 100 வோல்ற் லைனில் ஓட்டுவார்கள். வோல்ற் கூடினால் அம்பியர் குறையும், மெல்லிய வயர் போதும். அந்தக் கணக்கைக் கார் செற்றுக்குக் கொண்டுவர முடியாது.

உள்ளே இருப்பது என்ன?

வயரின் மேல் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. ஒருமுறை பட்டணத்துக் கடையொன்றில் "தம்பி, இது ரெண்டரை. சுத்தச் செம்பு. கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கோ" என்று தந்தார்கள். கையில் தடிப்பாகத்தான் இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கி வந்தேன். வீட்டில் தோலை உரித்தபோது தோல்தான் தடிப்பு.

நீங்கள் ஒரு மீற்றர் மட்டும் முதலில் வாங்குங்கள். நுனியில் இரண்டு அங்குலம் உரித்து இழைகளை எண்ணுங்கள். பிறகு ஒரு இழையை நீளமாக உருவி எடுத்து, பேனையில் இடைவெளி விடாமல் நெருக்கமாக 25 சுற்றுச் சுற்றுங்கள். பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்து அந்தச் சுற்றின் அகலத்தைப் பாருங்கள். என் வயரில் அது 4 மில்லிமீற்றர் இருந்தது. 4ஐ 25ஆல் பிரித்தால் 0.16. அதுதான் ஒரு இழையின் குறுக்களவு. இனி 0.16 பெருக்கல் 0.16 பெருக்கல் 0.785, அதை இழைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். எனக்கு 30 இழை. விடை 0.6. இரண்டரை என்று சொல்லி விற்ற வயரில் செம்பு முக்கால்கூட இல்லை.

நல்ல வயரின் சுருளிலோ தோலிலோ 24/0.20, 30/0.25 என்று இலக்கம் இருக்கும். முதலாவது இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒரு இழையின் குறுக்களவு. 24/0.20 என்றால் 0.75 எம்எம், 32/0.20 என்றால் 1, 30/0.25 என்றால் ஒன்றரை, 50/0.25 என்றால் இரண்டரை. வெளிநாட்டு வயர்களில் 16, 14 என்று அமெரிக்க கேஜ் போட்டிருப்பார்கள். அதில் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும்: 16 என்பது 1.3 எம்எம், 14 என்பது 2.1. பழைய பிரித்தானிய கேஜ் வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தடிப்புச் சரி என்றால் அடுத்தது உலோகம். மலிவான ஸ்பீக்கர் வயரில் பெரும்பகுதி அலுமினியம், மேலே மட்டும் மெல்லிய செம்புப் பூச்சு. பார்வைக்குத் தங்கம் போல மினுங்கும். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வீட்டில் அதற்கேற்பத் தடிப்பைக் கூட்டிப் போட்டுவிட்டால் காலத்துக்கும் பாடும். படகில் வேண்டாம். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அதுவே ஒரு குட்டிப் பற்றரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். பச்சை பூக்கக்கூட நேரம் இராது, வெள்ளை மாவாகிவிடும்.

சோதிக்கிற வழி சுலபம். ஒரு இழையைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளி நிறம் என்றால் அலுமினியம். சுருளைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பின் எடை அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பதால் கை ஏமாறாது. சந்தேகம் என்றால் இழையை லைற்றர் நெருப்பில் பிடியுங்கள். அலுமினியம் 660 பாகையில் உருகுவது, மெல்லிய இழை சுருண்டு ஒடிந்து விழும். செம்பு சிவந்து கறுக்கும், ஆனால் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. வெளியே வெள்ளி, சுரண்டினால் உள்ளே சிவப்பு. அதை அலுமினியம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் வெள்ளீயம் பூசிய செம்பு, படகுக்கென்றே செய்யும் வயர். ஒவ்வொரு இழைக்கும் பூச்சு இருப்பதால் களிம்பு இலகுவில் ஏறாது. கிடைத்தால், கை கொடுத்தால், அதையே வாங்குங்கள். விலை கூட. எப்போதும் கிடைக்கவும் மாட்டாது. பெட்டியில் "ஒட்சிசன் அற்ற செம்பு" என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதற்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சாதாரண நல்ல செம்புக்கும் அதற்கும் மின்சாரம் கடத்துவதில் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை, உப்பும் அந்த எழுத்தை வாசிப்பதில்லை.

பூசிய வயர் கிடைக்காவிட்டால்

ஸ்பீக்கர் வயர் என்று பெயர் எழுதிய வயரையே தேட வேண்டும் என்றில்லை. கண்ணாடி போலத் தெரியும் அந்தத் தோல் ஒரு வெயில் காலத்திலேயே மஞ்சளாகி விறைத்துவிடும். ஒற்றைத் தோல் என்பதால் உரசினாலும் கிழிந்துவிடும். நான் போடுவது ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தரும் உருண்டைப் பிளெக்சிபிள் வயர், உள்ளே இரண்டோ மூன்றோ கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனித் தோல், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு தடித்த தோல். எக்ஸ்ரென்சன் வயருக்குப் போடுவது. உள்ளூரில் செய்து எஸ்எல்எஸ் (இலங்கைத் தரச் சான்று) முத்திரை குத்தியது என்றால் செம்பும் தடிப்பும் பெரும்பாலும் சொன்னபடியே இருக்கும். இருந்தாலும் பேனையில் சுற்றிப் பாருங்கள்.

தோட்டக்காரர்கள் குழாய்க்கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டருக்கு ஒரு தட்டைக் கேபிள் உண்டே, அது இன்னும் நல்லது. தண்ணீருக்குள்ளேயே கிடக்கச் செய்தது. பலகைக்கு ஒட்டினாற்போலப் படுக்கும். ஒன்றரை எம்எம் கேட்டால் 9 மீற்றருக்குக் கணக்குச் சரி. கறுப்புத் தோல் கிடைத்தால் கறுப்பையே எடுங்கள், வெயிலைத் தாங்கும். இது வீட்டுக் கரண்ட் வயர் போலவே இருப்பதால் இரண்டு நுனியிலும் "ஸ்பீக்கர்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூன்று கம்பியைக் கண்டதும் ஒரு யோசனை எல்லோருக்கும் வரும்: மைனஸைப் பொதுவாக வைத்து ஒரே கேபிளில் இரண்டு ஸ்பீக்கரையும் முடித்துவிட்டால் என்ன? செய்யாதீர்கள். இந்தக் காலத்துக் கார் செற்றுகளில் ஸ்பீக்கரின் மைனஸும் சத்தம் வருகிற கம்பிதான், பற்றரியின் மைனஸ் இல்லை. ஒன்றோடொன்று சேர்த்தாலோ எஞ்சின் இரும்பில் தொட்டாலோ செற்றுக்குள் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் எரியக்கூடும். மூன்றாவது கம்பியை வெட்டி மூடிவிடுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நான்கு கம்பிக் கேபிள் ஒன்றில் இரண்டு ஸ்பீக்கரையும் ஓட்டலாம்.

வீடு கட்டி மிஞ்சிய வயரைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி. எஞ்சின் அதிர்வில் சில மாதத்தில் தோலுக்குள்ளேயே ஒடியும், வெளியே ஒன்றும் தெரியாது. ஏழு இழை 7/0.67 கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் விறைப்பு. வீட்டு வயர் வீட்டோடு இருக்கட்டும்.

ஓடும் வழி

அடித்தட்டில் தண்ணீர் தேங்கும் இடத்தால் வயரை ஓட விடாதீர்கள். விளிம்புக்குக் கீழே, நிழலில், ஒரு முழத்துக்கு ஒரு பிடிப்புக் கொடுத்துக் கொண்டுபோங்கள். வயரைக் கட்டும் பிளாஸ்ரிக் பட்டி (கேபிள் ரை) கறுப்பு வாங்குங்கள், வெள்ளை வெயிலில் உதிரும். பைபரில் துளை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். பெற்றோல் ராங்கிக்குப் பக்கத்தால் வேண்டாம். ஜீபிஎஸ், மீன் பார்க்கும் சவுண்டர், வயர்லெஸ் அன்ரனா ஆகியவற்றின் வயர்களோடு சேர்த்துக் கட்டினால் இரைச்சல் ஏறலாம். திசைகாட்டி வைத்திருந்தால் ஸ்பீக்கரை அதற்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. பின்னால் இருப்பது பெரிய காந்தம்.

ஸ்பீக்கருக்குள் நுழைய முன் வயர் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறிப் போகட்டும். தெறிக்கிற தண்ணீர் வயரோடு வடிந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், நுனிக்கு ஏறாது.

நுனி

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். மச்சானின் வயர் நல்ல செம்பு. நானே பேனையில் சுற்றிப் பார்த்து வாங்கியது. ஆனால் அன்றைக்கு அவசரத்தில் இழைகளை முறுக்கி ஸ்பீக்கரின் தகட்டில் சுற்றி, கறுப்பு ரேப்பை ஒட்டிவிட்டேன். ரேப்பின் பசை வெயிலில் இளகி, ஓரத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே குந்திவிட்டது. ரேப் இல்லாமலே விட்டிருந்தால் காய்ந்தாவது இருக்கும். அந்த நுனியிலிருந்து தோலை உரித்துக்கொண்டே போனேன். நான்கு அங்குலத்துக்கு உள்ளேயும் செம்பு கறுத்திருந்தது. இழைகளுக்கு நடுவால் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறுகிறது.

இப்போது செய்வது இது. தோலைக் கால் அங்குலம் மட்டும் உரிக்கிறேன். உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் (பிளாஸ்ரிக் குழாய்) ஒன்றை முதலில் வயருக்குள் போட்டுத் தள்ளி வைக்கிறேன் (இதை மறந்து, எல்லாம் முடிந்த பிறகு தலையில் கைவைத்தது எத்தனை தரம்!). வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (வயர் நுனியில் மாட்டும் சிறு முனை) இழைகளின் மேல் போட்டு, அதற்கென்று உள்ள குறட்டால் நசுக்குகிறேன். சாதாரண குறட்டால் நசுக்கினால் இழுத்ததும் கழன்று வரும். நசுக்கிய பிறகு பலமாக ஒருதரம் இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஸ்லீவை லக்கின் கழுத்து வரைக்கும் இழுத்து லைற்றரைத் தூரத்தில் பிடித்துச் சூடு காட்டுங்கள். சுருங்கி, ஓரத்தால் பசை ஒரு துளி பிதுங்கி வந்தால்தான் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பசை இல்லாத சாதாரண ஸ்லீவும் கடையில் உண்டு, மலிவு. அது தண்ணீரைத் தடுக்காது.

சோல்டர் (உருக்கிய ஈயப் பற்று) மட்டும் வைத்தால் போதாதா என்றால், போதாது. சோல்டர் ஏறிய இடம் ஒற்றைக் கம்பிபோல விறைத்து, அது முடிகிற இடத்தில் அதிர்வுக்கு ஒடியும். கடைசியாக, லக்கை ஸ்பீக்கரின் தகட்டில் தள்ளிய பிறகு மேலே வாஸ்லீன் தடவுங்கள். நடு வழியில் மூட்டுப் போடவே வேண்டாம். மூட்டு என்றால் இன்னும் இரண்டு நுனி.

பற்றரிப் பக்கம்

கேட்டது ஸ்பீக்கர் வயர்தான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. சத்தம் நலிகிறது என்று கூப்பிட்டுப் போன படகுகளில் பாதிக்கு மேல் குறை பற்றரி வயரில். தனி அம்ப் ஒன்று 10 அம்பியர் இழுக்கிறது, பற்றரி 5 மீற்றர் தள்ளி என்றால், இரண்டரை எம்எம் வயரிலேயே 0.7 வோல்ற் போய்விடும். 12 வோல்ற்றில் அது பெரிய இழப்பு. 6 எம்எம் போட்டால் 0.3க்குள் நிற்கும். பியூஸ் பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். செற்றின் பின்னால் இருக்கும் பியூஸ் செற்றைத்தான் காக்கும், நடுவில் ஓடுகிற வயரை இல்லை. பைபர் எரியக்கூடிய சாமான்.

பாட விட்டுப் பார்த்தல்

மூடுவதற்கு முன் பிளஸ், மைனஸ் சரிதானா என்று பாருங்கள். செற்றின் பக்கத்தில் வயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ற் பென் பற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பற்றரியின் பிளஸ் வயரின் பிளஸில் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியே தள்ளி மற்றது உள்ளே இழுத்தால், மேளத்தின் அடி இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடும். பலர் அதற்காகப் புது அம்ப் வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு ஒரு மாதம் கழித்து ஒரு நுனியைத் திறந்து பாருங்கள், சோளகம் முடிந்ததும் எல்லா நுனியையும். பச்சை தெரிந்தால் செம்பு சிவப்பாகத் தெரியும் இடம் வரைக்கும் வெட்டி எறிந்துவிட்டு, புது லக் போடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு நுனிக்கும் ஒரு முழம் கூட்டச் சொன்னது இதற்குத்தான். அதைச் சுருட்டி ஸ்பீக்கருக்குப் பின்னால் கட்டி வையுங்கள். மச்சானின் படகில் இடப்பக்கத்தில் இரண்டு தரம் வெட்டியாயிற்று. இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது.